மாட்டுக்குச் சோறு போடலாமா?



நம்ம கடமலைக்குண்டு பக்கம் மெலிந்த காளையை வாங்கி, மூணு மாதம் தீவனம் போட்டுத் தேத்தி விற்பவர்கள் உண்டு. வியாபாரிகள் அதைப் பிடித்து, குமுளி வழியாகக் கேரளாவுக்கு இறைச்சிக்குக் கொண்டு போகிறார்கள். எடை கூடினால் விலையும் கூடும். எங்க வீட்டிலும் அப்படி ஒரு காளை நின்றது. அதை விற்றுத்தான் அக்காவுக்குக் காலேஜ் பணம் கட்டுவதாக இருந்தது.

பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் சோறு மிஞ்சியது. "வீணாப் போகுதே"ன்னு அப்பத்தா அரை அண்டா சோற்றைத் தொட்டியில் கொட்டிருச்சு. காளை ஆசையாகத் தின்றது. மறுநாள் வயிறு உப்பி, அசை போடாமல் படுத்துவிட்டது. சாணி தண்ணியாகப் போய், புளிச்ச வாடை அடித்தது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டும் சாயங்காலம் செத்துப் போனது. "சோறுதானே போட்டேன், விஷமா வச்சேன்?" என்று அப்பத்தா அழுதது இன்னும் என் காதில் கேட்கிறது. டாக்டரிடமும் அறிவியல் டீச்சரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

மாட்டின் வயிற்றில் நாலு அறை. முதல் அறையின் பெயர் அசையூண் வயிறு. அது ஐந்தாறு குடம் பிடிக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் இருக்கின்றன. வைக்கோலையும் நாத்தையும் மெதுவாகப் புளிக்க வைத்து, சத்தாக மாற்றுவது அவைதான்.

சோறு, கஞ்சி, மக்காச்சோள மாவு இவற்றில் மாவுச்சத்து அதிகம். திடீர்னு நிறையப் போட்டால் வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் பெருகும். தயிரைப் புளிக்க வைப்பதும் இதே அமிலம்தான். வயிற்றில் 6, 7 என்று இருக்க வேண்டிய பி.எச். மதிப்பு 5-க்கும் கீழே போய்விடும். நல்ல நுண்ணுயிரிகள் செத்துவிடும். அமிலம் ரத்தத்தில் கலந்து மாடும் விழுந்துவிடும்.

வைக்கோல் தின்ற மாடு நெடுநேரம் அசைபோடும். அப்போது ஊறும் எச்சிலில் சோடா உப்பு இருக்கிறது. அது அமிலத்தை முறிக்கும். சோறு மட்டும் தின்றால் அசையும் குறையும், எச்சிலும் குறையும்.

சிலர் சீக்கிரம் கொழுக்கணும்னு எண்ணெய் ஊற்றுவார்கள். கொழுப்பில் மாவுச்சத்தைப் போல இரண்டேகால் மடங்கு சக்தி இருப்பது உண்மைதான். ஆனால் எண்ணெய் வச்ச தலையில் தண்ணி ஒட்டாத மாதிரி, எண்ணெய் பிடித்த வைக்கோலில் நுண்ணுயிரிகள் ஒட்ட முடியாது. அதனால் வைக்கோல் செரிக்காது. 100 கிலோ காய்ந்த தீவனத்தில், எல்லாம் சேர்த்து எண்ணெய்ச் சத்து 6 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. தவிடு, பருத்திக்கொட்டை, செக்குப் புண்ணாக்கு இவற்றிலேயே எண்ணெய் இருக்கிறது.

அமெரிக்காவில் கறிமாடுகளுக்கு மக்காச்சோளமும், அதில் எத்தனால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையும், கொழுப்பும் கொடுக்கிறார்கள். அங்கேயும் முதல் நாளே கொட்டுவதில்லை. மூன்று வாரம் போலக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் வைக்கோல் அல்லது நாத்து, பிறகுதான் தவிடு, புண்ணாக்கு.
2. புதுத் தீவனத்தைத் தினமும் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.
3. பூஞ்சை பிடித்த புண்ணாக்கு வேண்டவே வேண்டாம்.
4. விசேஷ வீட்டுச் சோற்றையும் பொங்கலையும் அள்ளிப் போடக் கூடாது. மாட்டுப் பொங்கல் அன்றும் ஒரு கைப்பிடி போதும்.
5. மாடு அசை போடவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். 1962 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

அக்கா ஒரு வருஷம் கழித்துத்தான் காலேஜில் சேர்ந்தாள். இப்போது எங்க தொழுவத்தில் ஒரு கன்று நிற்கிறது. அப்பத்தா தவிட்டை உழக்கில் அளந்துதான் போடுது.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி