காவலரை மாய்க்கும் கல்தூசி

உண்ணும் உணவை நாம் பார்த்துத் தெரிந்து உண்கிறோம். சுவாசிக்கும் காற்றை அவ்வாறு தெரிந்துகொள்ள இயலாது. ஆகவே நுரையீரலுக்குப் பிறவியிலேயே காவல் அமைந்துள்ளது.

பெரிய தூசிகளை மூக்கு தடுத்துவிடுகிறது. அதைக் கடந்தவை மூச்சுக்குழலின் சளியில் ஒட்டிக்கொள்ள, அங்குள்ள நுண்மயிர்கள் ஓயாது அசைந்து அச்சளியைத் தொண்டைக்கு ஏற்றி அனுப்புகின்றன. மிக நுண்ணிய துகள்களே நுரையீரலின் ஆழத்திலுள்ள காற்றுச் சிற்றறைகளை எட்டுகின்றன. அங்கே நுண்மயிர்கள் இல்லை. 'மேக்ரோபேஜ்' எனப்படும் விழுங்கும் உயிரணுக்களே அங்குக் காவல் புரிகின்றன. கிருமியாயினும் கரித்துகளாயினும் அவை விழுங்கி அப்புறப்படுத்துகின்றன.

ஆனால், கருங்கல்லை உடைக்கும்போது எழும் சிலிக்காத் தூசியிடம் இக்காவல் தோற்றுவிடுகிறது. உயிரணு அத்துகளை விழுங்குகிறது, செரிக்க இயலவில்லை. தன்னுள் இருக்கும் செரிமானப் பை சிதைந்து, உயிரணுவே மடிகிறது. வெளிப்பட்ட துகளை மற்றோர் உயிரணு விழுங்கி, அதுவும் மடிகிறது. இத்தொடர் அழிவினால் அழற்சி மூண்டு, தழும்பு வளர்ந்து, மிருதுவான நுரையீரல் இறுகுகிறது. இதுவே 'சிலிக்கோசிஸ்'. காவல் குன்றிய நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதில் குடியேறுகிறது. தழும்பை நீக்கி நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து இல்லை. வேலையை விட்ட பின்னரும் நோய் முற்றக்கூடும்.

இது புதிய நோயன்று. கல்தச்சரின் மூச்சு நோயைப் பற்றி இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700இலேயே எழுதினார். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1930இல் தொடங்கிய சுரங்கப் பணியில், தக்க பாதுகாப்பின்றிச் சிலிக்காப் பாறையைக் குடைந்த தொழிலாளர் பல நூற்றுவர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் கறுப்பின ஏழைகள். இத்தூசி புற்றுநோயும் விளைவிக்கும் என்று 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. சமையலறை மேடைக்கான செயற்கைக் குவார்ட்ஸ் கல்லை ஆஸ்திரேலியா 2024இல் தடை செய்தது.

மருந்தில்லா நோய்க்குத் தடுப்பே மருந்து. கல்லை நனைத்து அறுத்தால் தூசி பெரிதும் அடங்கும். முகத்தில் கட்டும் துண்டு நுண்துகளைத் தடுக்காது. தகுந்த முகக்கவசம் வேண்டும். தூசி படிந்த உடையுடன் வீடு திரும்பிக் குழந்தைகளைத் தூக்கலாகாது. இருமலுக்கு மருத்துவரை நாடும்போது, செய்யும் தொழிலையும் தவறாது கூற வேண்டும்.

நம் இல்லத்துக்குத் தரைக்கல்லும் சமையல் மேடையும் அமைக்கும்போது, நீர் ஊற்றி அறுக்கும்படி நாமே கேட்போம்; அதற்கான நீரையும் நேரத்தையும் மனமுவந்து கொடுப்போம். நம் வீட்டின் பளபளப்புக்குப் பிறர் மூச்சு விலையாதல் தகாது.