கர்ப்பிணிக்கு காய்ச்சலுடன் கடும் தலைவலியா? மூளைத்தொற்றாக இருக்கலாம்... அலட்சியம் வேண்டாம்!

கர்ப்ப காலத்தில் தலைவலி, வாந்தி என்றால், "மசக்கைதான், தைலம் தேய்ச்சுட்டு படு" என்பார்கள். பெரும்பாலும் அது சாதாரண தலைவலிதான். ஆனால் கூடவே காய்ச்சலும் இருந்தால் கவனம் தேவை. மூளைத்தொற்று அரிதானது, ஆனால் தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்தானது.

எதனால் வருகிறது?

நிமோகாக்கஸ், லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்களும் காசநோய்க் கிருமியும் மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கலாம். ஹெர்பஸ் வைரஸ் மூளையையே தாக்கக்கூடியது. காய்ச்சாத பால் மூலம் பரவும் லிஸ்டீரியா, மற்றவர்களைவிட கர்ப்பிணிகளை எளிதில் பாதிக்கும்.

உலக காசநோயாளிகளில் சுமார் 4-ல் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். மூளையைத் தாக்கும் காசநோய் மெதுவாக வரும். வாரக்கணக்கில் லேசான காய்ச்சல், தலைவலி, வாந்தி இருக்கும். இதை மசக்கை என நினைத்து விட்டுவிடுவதுதான் சிக்கல்.

வலிப்பு வந்தால்?

கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு வலிப்பு வந்தால், ரத்த அழுத்தத்தால் வரும் 'எக்லாம்ப்சியா'வைத்தான் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பார்கள். காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் இருந்தால் தொற்றையும் தேட வேண்டும். அதனால், காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது என்பதை வீட்டில் இருப்பவர்கள் மறக்காம டாக்டரிடம் சொல்லணும்.

பரிசோதனை குழந்தையை பாதிக்குமா?

"முதுகுல ஊசி போட்டா குழந்தைக்கு ஆகாது" என்று பயந்து சிலர் மறுக்கிறார்கள். முதுகில் நீர் எடுக்கும் ஊசி, தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழே போடப்படுகிறது. கருப்பையை அது தொடுவதில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர்வீச்சும் கிடையாது.

மருந்து சாப்பிடலாமா?

ஆம்பிசிலின், செஃப்ட்ரியாக்சோன், அசைக்ளோவிர் ஆகியவை கர்ப்ப காலத்திலும் கொடுக்கப்படுகின்றன. காசநோய் மருந்துகளில் ஸ்ட்ரெப்டோமைசின், குழந்தையின் கேட்கும் திறனை பாதிக்கலாம் என்பதால் தவிர்க்கப்படுகிறது. சந்தேகம் வலுவாக இருந்தால், பரிசோதனை முடிவு வரும் முன்பே சிகிச்சை தொடங்கப்படும். இங்கே மருந்தைவிட தாமதம்தான் பெரிய ஆபத்து.

உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

* காய்ச்சலுடன் விடாத தலைவலி
* கழுத்தை குனிய முடியாமல் இறுக்கம்
* வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவது
* குழப்பமான பேச்சு, அதிக தூக்கம்
* வலிப்பு

குழப்பமோ வலிப்போ வந்தால், காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.