அழுத பிள்ளையும் அழாத பிள்ளையும்

பத்தாம் வகுப்பு மாணவி

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. வீட்டுக்குப் பொருந்தும் இம்மொழி நாட்டுக்கும் பொருந்துமா? போரினால் வீடிழந்து அயல்நாட்டு வாசலில் நிற்கும் அகதிகளின் கண்ணீர், அந்நாட்டு மக்களின் மனத்தை மாற்றுமா? சற்று ஆராய்வோம்.

2015 ஜூலையில் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில், அன்று சான்சலராக இருந்த அங்கெலா மெர்க்கெல் அம்மையார் மாணவர்களுடன் உரையாடினார். பாலஸ்தீன அகதிக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, ஏறக்குறைய நம் வயதினள், தானும் மற்றவர்களைப் போல் மேற்படிப்புப் படிக்க விரும்புவதாகச் சொன்னாள். வருகிற அனைவரையும் ஏற்க இயலாது என்று அம்மையார் விளக்கினார். சிறுமி அழுதுவிட்டாள். அம்மையார் அருகே சென்று அவளைத் தட்டிக் கொடுத்தார். தொலைக்காட்சியில் இதைக் கண்ட மக்களிடையே பெரும் விவாதம் எழுந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், துருக்கிக் கடற்கரையில் சிரியா நாட்டுப் பாலகன் ஒருவனின் உடல் ஒதுங்கியது. அப்படம் உலகெங்கும் பரவியது. செப்டம்பர் 7-ஆம் நாள், 2020-க்குள் 20,000 சிரிய அகதிகளை ஏற்பதாகப் பிரிட்டன் அறிவித்தது. சுவீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்திற்கு நன்கொடை பன்மடங்கு பெருகியது. ஆனால் சில வாரங்களிலேயே அது குறைந்துவிட்டது. போரோ நிற்கவில்லை.

இதற்குக் காரணம் என்ன? இலட்சம் பேர் துன்புறுகிறார்கள் என்றால் அது நமக்கு வெறும் எண்ணாகவே நின்றுவிடுகிறது. ஒரு முகத்தைக் கண்டால் உள்ளம் உருகுகிறது. பால் சுலோவிக் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்துள்ளார். அழுகின்ற அயலாள் நமக்குத் தாயாகவும் தங்கையாகவும் தோன்றுகிறாள்.

அகதிகள் தினமான ஜூன் 20 அன்று எங்கள் வகுப்பில் சிஸ்டர் அப்பாலகனைப் பற்றிச் சொன்னபோது நாங்கள் பலரும் அழுதோம். அப்போது ஒரு தோழி, "சிஸ்டர், அவன் வளர்ந்த ஆண்மகனாக இருந்திருந்தால் நாம் அழுதிருப்போமா?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

அக்கேள்வியில்தான் ஆபத்து அடங்கியுள்ளது. பெருந்துயர் கண்டவர் சிலர் உணர்ச்சியே இன்றிப் பேசுவர். கண்ணீரை எதிர்பார்ப்பவர், "இவர் கதை பொய்" என்று எண்ணிவிடலாம். வேறு சிலர் கோபத்துடன் பேசுவர்; அவரைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். ஆனால் 1951-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை கேட்பது கண்ணீரை அன்று. இனம், மதம், நாட்டுரிமை, சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் உண்டா என்பதையே அது கேட்கிறது.

ஆகவே கண்ணீர் கதவைத் தட்டலாம். திறந்த கதவு மூடாதிருக்கச் சட்டம் வேண்டும். இரக்கம் சில வாரங்களில் வாடிவிடும். நீதியோ நிலைத்து நிற்கும்.

2013 ஜூலை 8 அன்று லாம்பெதூசா தீவில் திருப்பலி நிறைவேற்றிய மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், கடலில் மாண்டவர்களுக்காக நம்மில் அழுதவர் யார் என்று வினவினார். அகதி அழுகிறாரா என்று பார்த்திருப்பதை விட்டு, நம் கண்கள் ஏன் உலர்ந்திருக்கின்றன என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அழாத பிள்ளைக்கும் பசிக்கும் அன்றோ!