ஒப்புரவு என்னும் சொல்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், பிம்ப்ரியில் நம்மோடு பயிலும் முதலாண்டு மாணவர் ஒருவருக்குக் கட்டணம் செலுத்த வழியில்லாமற் போயிற்று. நண்பர்கள் சிலர் கூடிப் பணம் திரட்டிக் கொடுத்தோம். அதோடு நின்றிருக்கலாம். அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, அவர் பெயரையும் சொல்லி, உதவியவர்களின் பெருந்தன்மையைப் பாராட்டிப் பேசினேன். கைதட்டல் எழுந்தது. தலைகுனிந்து அமர்ந்திருந்த அந்த மாணவர், அதன்பின் நம் கூட்டங்களுக்கு வரவேயில்லை. நான் செய்த பிழை யாது என்று எண்ணிப் பார்த்தபோதுதான் ஒரு பழந்தமிழ்ச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கிற்று.

பெருந்தன்மை என்பது கொடுப்பவரின் உயர்வைச் சுட்டும் சொல். பிறமொழிகளிலும் இப்போக்கைக் காணலாம். ஆங்கிலத்தில் வழங்கும் ‘மேக்னனிமிட்டி’, ‘பெரிய’, ‘உள்ளம்’ என்னும் பொருளுடைய இரண்டு இலத்தீன் சொற்களால் ஆயது. வடமொழியின் ‘உதாரம்’ உயர்ச்சியையும் குறிக்கும். இங்கே மராத்தியர் சொல்லும் ‘மோட்டேபணா’வுக்கும் பெருமை என்பதே பொருள்.

வள்ளுவர் தம் நூலின் 22 ஆம் அதிகாரத்துக்குத் தேர்ந்துகொண்ட சொல்லோ வேறு. அது ஒப்புரவு. ஒத்தல் என்பதே அதன் அடி. ஒப்பு, ஒப்புதல் முதலியன அதன் உறவுச் சொற்கள். சமநிலை, இணக்கம், உலகநடை, உதவி என அதன் பொருள் விரியும். மனத்தாங்கல் தீர்ந்து இருவர் மீண்டும் இணைவதைத் தமிழ்க் கிறித்தவர்கள் இன்றும் ஒப்புரவு என்றே வழங்குகிறார்கள். பரிமேலழகர் உலகநடை என்று பொருள் கொண்டார். அறநூல்கள் விதித்துச் செய்வதன்று, தாமே அறிந்து செய்வது. ஆதலால் அதிகாரப் பெயரில் ‘அறிதல்’ சேர்ந்தது என்பது அவர் விளக்கம்.

அடுத்து வரும் 23 ஆம் அதிகாரம் ஈகை. இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரங்கள் எதற்கு? ஈகை, இல்லாதவர்க்குக் கொடுப்பது. அங்கே கொடுப்பவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர். ஒப்புரவோ, நானும் இவ்வூரில் ஒருவன் என்று அறிந்து அதற்கேற்ப வாழ்வது. ஆகவேதான் அவ்வதிகாரத்தில் ஊருணியும், ஊர் நடுவே பழுத்த மரமும், மருந்து மரமும் உவமைகளாயின. ஊருணி என்றால் ஊரார் உண்ணும் நீர்நிலை. அதில் குடம் நிறைத்துச் செல்பவர் யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை.

மருந்து மரத்துக்கு நம் பிம்ப்ரியிலேயே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 1928 இல் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. அம்மருந்தை நம் நாட்டிலேயே செய்வதற்காக, யுனிசெப், உலகச் சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் துணையோடு, 1954 இல் இங்கே இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்னும் அரசு நிறுவனம் தோன்றியது. அந்த ஊசியால் பிழைத்தவர் அதற்காக எவர் முன்னும் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. நான் அந்த மாணவரை அவ்வாறு நிற்க வைத்துவிட்டேன்.

சென்ற மாதம் அவர் அறைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் அடுப்பை மூட்டித் தேநீர் போட்டுக் கொடுத்தார். குடித்தேன். பிறகு, “அண்ணா, அந்தப் பணத்தை வேலை கிடைத்ததும் திருப்பித் தந்துவிடுவேன்” என்றார். “எனக்கு வேண்டாம், தம்பி. பின்னால் வருகிற யாருக்காவது கொடுங்கள். கூட்டத்தில் மட்டும் சொல்லாதீர்கள்” என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

நண்பர்களே! இவ்வாண்டும் புதிய மாணவர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுள் சிலருக்கு உதவி தேவைப்படலாம். தருவோர் பெயரையும் பெறுவோர் பெயரையும் இனி நம் கூட்டங்களில் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.