விதைச் சேவல்

விதை நெல்லைக் குற்றி உண்ணலாகாது என்பது நம் ஊர்களில் யாவரும் ஒப்புக்கொள்ளும் நியாயம். எவ்வளவு முடை நேர்ந்தாலும் விதைக்கென்று எடுத்து வைத்ததில் நாம் கை வைப்பதில்லை. ஆனால் அதே வீட்டின் கொல்லையில் திரியும் கோழிகளின் விஷயத்தில் இந்த நியாயத்தைத் தலைகீழாக நடத்தி வருகிறோம். ஆடி மாதத்துக் கோயிற் கொடைக்கோ தீபாவளிக்கோ வியாபாரி வந்து நிற்கும்பொழுது, ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளுள் எது முந்தி வளர்ந்து மார்பு திரண்டு நிற்கிறதோ, அந்தச் சேவலே முதலில் விலை போகிறது. விலை போகாது மிஞ்சிய சோனிச் சேவல் வீட்டில் தங்கி, அடுத்த ஆண்டுக் குஞ்சுகளுக்கெல்லாம் தகப்பனாகிறது. பத்தாண்டுகள் இவ்வாறு நடந்தபின், "நாட்டுக் கோழி முன்போல் இல்லை, சிறுத்துப் போயிற்று" என்று வருந்துகிறோம். கோழி தானாகச் சிறுக்கவில்லை. சிறியதை நாமே தேர்ந்தெடுத்து வந்திருக்கிறோம்.

தறியை நம்பிய வீட்டிற்கும் காட்டை நம்பிய வீட்டிற்கும் கோழி என்பது அவசரத்திற்கு உதவும் கைப்பணம். ஆகவே, கூட்டத்தைச் சீர்திருத்தும் வழியை நாம் சற்று நிதானமாக ஆராய்தல் நன்று.

ஒரு கணக்கு

பத்துப் பெட்டைகளும் ஒரு சேவலும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெட்டையும் ஆண்டுக்கு மூன்று முறை அடைகாத்து, முறைக்கு ஆறு குஞ்சுகளைத் தேற்றுகிறது என்று கொண்டால், ஆண்டுக்கு 180 குஞ்சுகள் ஆகும். ஒரு பெட்டை அவற்றுள் 18 குஞ்சுகளுக்கு மட்டுமே தாய். சேவலோ 180 குஞ்சுகளுக்கும் தந்தை. கூட்டத்தின் இரத்தத்தில் சரிபாதி அந்த ஒரு சேவலிடமிருந்து வருகிறது.

கோழியின் உடல் எடையில் காணும் ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பிறவியால் வருவது; எஞ்சியது தீனியாலும் பராமரிப்பாலும் வருவது. ஐந்தில் இரண்டு பங்கு என்று கொள்வோம். தன் வயதொத்த சேவல்களின் சராசரியைவிட 200 கிராம் கூடுதலாக உள்ள சேவலை நிறுத்தினால், பிறவிப் பங்கு 80 கிராம். அதில் தந்தை வழியாக இறங்குவது பாதி, அதாவது குஞ்சு ஒன்றுக்கு 40 கிராம். 180 குஞ்சுகளுக்கு இது 7 கிலோவுக்கு மேல் ஆகிறது. சராசரிக்கு 200 கிராம் குறைந்த சேவலை நிறுத்தினால், அதே 7 கிலோ நட்டமாகிறது. சந்தையில் ஒரு நல்ல சேவலுக்குக் கிடைக்கும் விலையையும், இந்த 7 கிலோவின் விலையையும் அங்கத்தினர்கள் தாங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சேவலைத் தெரிதல்

முதலில் நமக்கு வேண்டுவது யாது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் சிறுவிடை என்றும் பெருவிடை என்றும் வழங்கும் கோழிகள் உண்டு. சிறுவிடை உடல் சிறுத்தது, ஓடித் திரிந்து இரை தேடுவது, நன்றாக அடைகாப்பது. பெருவிடை உயர்ந்த கால்களும் திரண்ட உடலும் உடையது, இறைச்சிக்கு ஏற்றது. இரண்டையும் ஒரே கொல்லையில் மனம்போனபடி கலக்கவிட்டால், நாளடைவில் இரண்டின் குணமும் நிலைப்பதில்லை.

தேர்வை இரண்டு தடவையாகச் செய்க. குஞ்சுகள் எட்டு வாரத்தை எட்டியதும் தராசில் நிறுத்து, முந்தி நிற்கும் சேவற்குஞ்சுகளின் காலில் அடையாளம் கட்டுக. இதற்குக் கடையில் வளையம் வாங்க வேண்டுவதில்லை. தறியடியில் விழும் சாயநூல் துண்டே போதும். ஆனால் கால் பருக்கப் பருக்க நூல் இறுகித் தசையை அறுக்குமாகையால், பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும். ஒரே மாதத்தில் பொரித்து, ஒரே தீனியில் வளர்ந்த குஞ்சுகளை மட்டுமே ஒப்பிட வேண்டும். தையில் பொரித்ததையும் சித்திரையில் பொரித்ததையும் பக்கத்தில் நிறுத்திப் பெரியது எது என்று பார்ப்பதில் பயனில்லை.

இரண்டாவது தேர்வு ஐந்து, ஆறு மாத வயதில். அடையாளமிட்ட சேவல்களைக் கையில் எடுத்துச் சோதிக்க. மார்பெலும்பு நேராக இருக்க வேண்டும். கால்கள் வளையாமல் அகன்று ஊன்ற வேண்டும். விரல்கள் கோணாமலும் மேலலகும் கீழலகும் பொருந்தியும் கண் தெளிவாகவும் இருக்க வேண்டும். கோணல் அலகும் வளைந்த மார்பெலும்பும் உள்ளது எவ்வளவு எடையுள்ளதாயினும் கறிக்கு உரியதேயன்றி விதைக்கு உரியதன்று. ஒரு சேவலைப் பொறுக்கினால் துணைக்கு மற்றொன்றையும் வைத்துக்கொள்வது விவேகம். கீரிக்கோ நாய்க்கோ ஒன்று இரையானாலும் ஆண்டு வீணாகாது.

நிறத்தை மட்டும் பார்த்துத் தெரிவது பெரும் பிழை. செவலையாயினும் கருமையாயினும் எடையும் உடற்கட்டும் பிறப்பும் நன்றாயிருந்தால் போதும்.

பெட்டையைத் தெரிதல்

எடையைப் போல முட்டை எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிவதில்லை. அது பிறவியால் இறங்கும் பங்கும் எடையைவிடக் குறைவு. ஆகவே இங்குப் பொறுமையும் கணக்கும் தேவை. நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடுகளாக முட்டையிடும். எந்தப் பெட்டை ஈட்டுக்கு எத்தனை முட்டை இட்டது, எத்தனை பொரித்தது, எட்டு வாரத்தில் எத்தனை குஞ்சு உயிரோடு இருந்தது என்னும் மூன்று எண்களைச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் போதும். பன்னிரண்டு முட்டையிட்டு நான்கு குஞ்சைத் தேற்றும் பெட்டையைவிட, பத்து முட்டையிட்டு எட்டுக் குஞ்சைத் தேற்றும் பெட்டையே நமக்கு லாபம். வெள்ளை லெகார்ன் போன்ற முட்டையினங்களில் அடைகாக்கும் குணம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. பொரிப்பான் இல்லாத வீட்டிற்கு அந்தக் குணமே மூலதனம் என்பதை மறக்கலாகாது.

முட்டையிடும் பருவத்தில் பெட்டையைக் கையிலெடுத்துப் பார்ப்பதும் உதவும். எச்சவாயின் இருபுறத்து எலும்பு முனைகளுக்கிடையே இரண்டு மூன்று விரல்கள் நுழையுமாயின், அது முட்டையிட்டு வருகிறது; ஒரு விரலும் நுழையாவிடில் ஓய்ந்திருக்கிறது என்று அறியலாம். நன்றாக ஓர் ஆண்டைக் கடந்து, இரண்டாம் ஆண்டிலும் முறையாக முட்டையிடும் பெட்டையே சோதனையில் தேறியது. அதன் மகனே விதைச் சேவலுக்கு முதல் உரிமையுடையது. ஏனெனில் சேவல் முட்டையிடாவிடினும், தாயின் முட்டைக் குணத்தில் தன் பங்கை மகளுக்குக் கொண்டு செலுத்துகிறது.

உறவில் கலத்தல்

நல்ல சேவல் கிடைத்துவிட்டது என்று அதையே ஆண்டாண்டாக வைத்திருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. இரண்டாம் ஆண்டில் அது தன் மகள்களோடு கலக்கும். தந்தையும் மகளும் கலந்து பிறக்கும் குஞ்சுக்கு இரத்த நெருக்கம் 25 சதவிகிதம். உடன்பிறந்தவை கலந்தாலும் அவ்வளவே. ஒவ்வொரு தலைமுறைக்கும் சேவலை மாற்றினாலும், வெளிக்கலப்பே இல்லாமல் ஒரு சேவல், பத்துப் பெட்டை என்று நடத்தும் கூட்டத்தில், தலைமுறைக்கு ஏறக்குறைய 14 சதவிகிதம் இந்நெருக்கம் ஏறும். கரு கூடியும் பொரிக்காத முட்டைகள், நோஞ்சான் குஞ்சுகள், பிந்திய வளர்ச்சி ஆகியவை இதன் விளைவு. நோய் என்றும் கண்ணேறு என்றும் நாம் சொல்லுவதில் ஒரு பகுதி இதுவே.

இதைத் தனி வீடு தீர்க்க இயலாது. மூன்று வீடுகள் கூடினால் எளிதில் தீர்க்கலாம். முதல் வீட்டில் பிறந்த சிறந்த சேவல் இரண்டாம் வீட்டிற்குச் செல்க. இரண்டாம் வீட்டினது மூன்றாம் வீட்டிற்கும், மூன்றாம் வீட்டினது முதல் வீட்டிற்கும் செல்க. பெட்டைகள் பிறந்த வீட்டிலேயே தங்கட்டும். ஆண்டுதோறும் இதே திசையில் சுற்றி வந்தால் தந்தை மகளோடும், தமையன் தங்கையோடும் கலப்பது நேராது. மூன்று சேவலும் முப்பது பெட்டையும் ஒரே கூட்டம் போல் ஆகிவிடுவதால், 14 சதவிகிதம் என்ற ஏற்றம் 5 சதவிகிதத்திற்குள் அடங்கும். ஒன்பது வீடுகள் கூடினால் பயன் இன்னும் மிகுதி.

சேவலை மாற்றும்பொழுது இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வந்த சேவலை மூன்று, நான்கு வாரங்கள் தனிப் பஞ்சாரத்தில் வைத்துக் கவனித்தபின்பே கூட்டத்தில் விடுக. வெள்ளைக்கழிச்சல் இவ்வாறே வீடு மாறுகிறது. மூன்று வீடுகளும் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசியை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளுதல் இன்றியமையாதது. அடுத்து, பழைய சேவலை நீக்கிய பின்னும் இரண்டு மூன்று வாரங்கள் அதன் கரு முட்டைகளில் இருக்கும். ஆகையால் அந்த முட்டைகளை அடைக்கு வைக்காமல் உணவுக்குக் கொள்க.

விலைக்கு வாங்கும் குஞ்சுகள்

வனராஜா, கிரிராஜா போன்ற கொல்லைக் கோழிகளை வாங்கி வளர்ப்பதில் தவறில்லை. அவை விரைந்து வளரும். ஆனால் அவை தெரிந்தெடுத்த பல வழிகளைக் கலந்து உண்டாக்கியவை. அவற்றின் சேவலை நம் பெட்டைகளோடு விட்டால் முதல் ஆண்டில் எடை கூடும். அதன்பின் பிறப்பவை ஒரு நிலையில் நில்லா, அடைக்குணமும் குன்றும். அவற்றைத் தனியே வளர்த்துத் தனியே விற்பதே முறை.

ஆகவே நாம் செய்யவேண்டுவது பெருஞ்செலவுள்ள காரியமன்று. ஒரு தராசு, சிறிது சாயநூல், சுவரில் மூன்று எண்கள், உடன்பட்ட இரண்டு அண்டை வீடுகள் ஆகிய இவையே மூலதனம். கடினமானது ஒன்றே: வியாபாரி மிகுந்த விலை சொல்லிக் கை நீட்டும் சேவலைக் காட்டி, "இது விதைக்கு, மற்றதைப் பிடித்துக்கொள்ளும்" என்று சொல்லும் உறுதி. முடை மிகுந்த வீட்டிற்கு அந்த உறுதி எளிதன்று என்பதை நாம் அறிவோம். அதனால்தான் மூன்று வீடுகளும் சேர்ந்து அந்தச் சேவலின் விலையில் ஆளுக்கொரு பங்கைப் போட்டு, அதை விற்காமல் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறோம். ஒருவர் தாங்க முடியாத சுமையைப் பலர் பகிர்ந்துகொள்வதற்கன்றோ கூட்டுறவு என்று பெயர்!