எல்லிஸ் தீவில் ஒரு கேள்வி

குடியேறிகளின் வரலாற்றை இணைய விளையாட்டாக ஆக்க முற்படும் மாணவர், நடந்தது என்ன என்று அறிவதோடு நில்லாமல், அன்றைய மனிதர்முன் எத்தனை வழிகள் திறந்திருந்தன என்றும் ஆராய வேண்டியவராகிறார். இப்பணிக்கு உதவும் கருவிகளுள் ஒன்று, கிறிஸ் கிளிமாஸ் 2009இல் உருவாக்கிய ‘ட்வைன்’ என்னும் இலவச மென்பொருள். கதையைச் சிறு பகுதிகளாக எழுதி, ஒவ்வொன்றின் முடிவிலும் சில தெரிவுகளை வைத்து, அவற்றை அடுத்தடுத்த பகுதிகளோடு இணைத்துவிட்டால், நிரல் எழுதத் தெரியாதவரும் உலாவியில் இயங்கும் விளையாட்டை அமைத்துவிடலாம். கையிருப்புப் பணம் போன்ற அளவுகளைச் சேமித்துவைக்கும் ‘மாறிகள்’, முன்பு எடுத்த முடிவின் விளைவைப் பின்வரும் காட்சிகளுக்குக் கொண்டுசெல்கின்றன.

நியூயார்க் துறைமுகத்தில் 1892 முதல் 1954 வரை இயங்கிய எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் கடந்து சென்றனர். அங்கே நோய் இருக்குமோ என ஐயுற்றவரின் மேலங்கியில் மருத்துவர்கள் சுண்ணக்கட்டியால் குறியிட்டனர். கண்ணுக்கு ‘ஈ’, இதயத்துக்கு ‘எச்’. இக்காட்சியில் விளையாடுபவருக்குத் தெரிவே இல்லாமல் ஒரே இணைப்பை மட்டும் வைக்கும் மாணவர், குடியேறியின் கையறுநிலையை விளக்கவுரையின்றியே உணர்த்திவிடுகிறார்.

அடுத்து அதிகாரி, “வேலை ஏற்பாடாகியிருக்கிறதா?” என்று கேட்கிறார். ‘ஆம்’ என்பதே நல்ல விடையாகத் தோன்றும். ஆனால் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து கூலியாட்களைத் தருவிப்பதை 1885ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்ததால், அவ்விடையே ஒருவரைத் திருப்பியனுப்பக் காரணமாகலாம். பிழைக்க வழியற்றவராகத் தோன்றினாலும் அனுமதி மறுக்கப்படலாம் என்பதால், இரண்டுக்கும் இடைப்பட்ட விடையையே விளையாடுபவர் தேட வேண்டியிருக்கிறது. இவ்வாறு விதிகளின் இயக்கத்தாலேயே ஒரு கருத்தை நிறுவுவதை இயன் போகோஸ்ட் என்னும் ஆய்வாளர் ‘செயல்முறை வாதம்’ என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார்.

விதிகளே வாதமாகும்போது, அவற்றில் நேரும் பிழை வரலாற்றுப் பிழையாகிறது. எல்லிஸ் தீவிலிருந்து திருப்பியனுப்பப்பட்டோர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவரே ஆதலால், பாதிப்பேர் தோற்கும் விளையாட்டு எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் பொய்யே. சான் பிரான்சிஸ்கோ அருகே 1910 முதல் 1940 வரை இயங்கிய ஏஞ்சல் தீவுக்கு அதே விதிகளைப் பெயர்த்துவைப்பதும் பொருந்தாது. 1882ஆம் ஆண்டு விலக்குச் சட்டத்தால் தடுக்கப்பட்ட சீனர்களிடம், ஊரிலுள்ள வீட்டு வாசலுக்கு எத்தனை படிகள் என்பதுவரை அங்கே கேட்டு, விடைகளை உறவினரின் விடைகளோடு ஒப்பிட்டனர். ஆகவே விளையாட்டின் முதல் பகுதியிலேயே, வருபவர் எந்த நாட்டவர் என்பதை ஒரு மாறியில் பதிவுசெய்துகொள்வது இன்றியமையாதது.