பாக்கம் ஏன் வாக்கம் ஆனது?

தென்சென்னைப் புறநகரின் ஊர்ப்பெயர்கள் எப்படிக் கூடுகின்றன, அவற்றை எங்கே பிரிக்க வேண்டும்: ஒரு விளக்கம்

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பர் 3 அன்று உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. இந்தப் பத்துப் பெயர்களை வாய்விட்டுப் படித்தால் ஒன்று புலப்படும். இவற்றில் பெரும்பாலானவை சொற்கள் கூடிப் பிறந்தவை. 'பாக்கம்' மட்டும் மூன்று பெயர்களில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் மடிப்பாக்கம், மேடவாக்கம், மீனம்பாக்கம், ஊரப்பாக்கம், பெரும்பாக்கம், கோவிலம்பாக்கம் என்று பட்டியல் நீளும்.

எல்லாமே பாக்கம்தான். ஆனால் ஓரிடத்தில் 'ப்' மிகுகிறது. ஓரிடத்தில் 'ம்' நிற்கிறது. ஓரிடத்தில் பாக்கமே வாக்கமாகிவிடுகிறது. இந்த மாற்றங்களுக்குப் பின்னே நாம் நாள்தோறும் பேசும் மொழியின் ஒழுங்கு இருக்கிறது. அதை அறிந்துகொண்டால் பெயர்ப்பலகையில் எந்த எழுத்தை விடக் கூடாது, இடம் போதாதபோது பெயரை எங்கே முறிக்கலாம் என்பதெல்லாம் தெளிவாகும்.

சந்தியில் நடப்பவை

இரண்டு சொற்கள் சேரும்போது முன்னால் நிற்பது நிலைமொழி, பின்னால் வருவது வருமொழி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், சேரும் இடத்தில் நேரும் மாற்றங்களை மூன்றாக வகுக்கிறது: புதிய எழுத்து தோன்றலாம், இருக்கும் எழுத்து வேறொன்றாகத் திரியலாம், அல்லது கெடலாம், அதாவது மறையலாம்.

தோன்றலுக்குப் பள்ளிக்கரணை, வேளச்சேரி, கீழ்க்கட்டளை. கரணையின் முன் 'க்', சேரியின் முன் 'ச்', கட்டளையின் முன் 'க்' தோன்றியிருக்கின்றன. திரிதலுக்கு நன்மங்கலம். 'நல்' என்பதன் 'ல்', மகரத்தின் முன் 'ன்' ஆயிற்று. கெடுதலுக்குப் பெருங்குடி. 'பெருமை'யில் இருந்த 'மை' அங்கே இல்லை.

நல்லூரில் அதே 'நல்' வேறு விதமாக நடந்துகொள்கிறது. நங்கநல்லூரிலும் சோழிங்கநல்லூரிலும் அதன் பின்னால் 'ஊர்' என்ற உயிரெழுத்துச் சொல் வருவதால் 'ல்' இரட்டிக்கிறது. ஒற்றைக் குறிலை அடுத்து மெய் நின்று, பின்னால் உயிர் வந்தால் அந்த மெய் இரட்டும். வண்டலூர் 'வண்டல்லூர்' ஆகாததற்கும் இதுதான் காரணம். 'வண்டல்' என்பதில் லகரத்தின் முன்னால் இருப்பது தனிக்குறில் இல்லை; எனவே 'ல்' இரட்டாமல் ஊரோடு நேரே கலந்துவிடுகிறது.

பாக்கத்தின் நான்கு முகங்கள்

பாக்கம் என்பது கடற்கரையை ஒட்டிய ஊர்களுக்கு வழங்கிய பழைய பெயர். மடிப்பாக்கம், ஊரப்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் ஆகியவற்றில் வல்லின ஒற்று மிகுந்திருக்கிறது. அதனால் 'ப' அழுத்தமாக ஒலிக்கிறது. சிட்லபாக்கத்தில் ஒற்று மிகவில்லை. ஒலியும் மென்மையாகவே இருக்கிறது.

மீனம்பாக்கமும் கோவிலம்பாக்கமும் வேறு வகை. மீன் + அம் + பாக்கம், கோவில் + அம் + பாக்கம் என்று பிரித்தால் நடுவில் ஒரு சிறு துண்டு மிஞ்சும். அதுதான் சாரியை. தனக்கென்று பொருள் இல்லாமல் இரண்டு சொற்களையும் இணைத்துக் கொடுப்பது அதன் வேலை. புளியம்பழத்திலும் இருப்பது இதே 'அம்'. குன்றத்தூர், பெருங்களத்தூர் ஆகிய பெயர்களில் 'அத்து' என்ற சாரியை இருக்கிறது: குன்றம் + அத்து + ஊர், களம் + அத்து + ஊர்.

நான்காவது முகம் மேடவாக்கம். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே அகப்பட்ட பகரம் பேச்சில் மெலிந்து வகரமாகியிருக்கிறது. வில்லிவாக்கமும் புரசைவாக்கமும் இதே வழியில் வந்தவை. பல்லவபுரம் மருவிப் பல்லாவரம் ஆனது என்று பலரும் சொல்வதும் இதனோடு பொருந்துகிறது. அங்கே புரம் 'வரம்' ஆகியிருக்கிறது. இப்படி மக்கள் வாயில் உருமாறிய பெயர்களை இலக்கணம் மரூஉ என்று ஏற்றுக்கொள்கிறது, பிழை என்று தள்ளுவதில்லை.

பெரிய ஊரும் புதிய ஊரும்

பண்பைக் குறிக்கும் சொல் முன்னால் வந்தால் மாற்றங்கள் கூடுதல். 'பெருமை'யில் 'மை' கெட்டுப் 'பெரு' நிற்கும். அடுத்து வரும் வல்லினத்துக்கு இனமான மெல்லினம் அங்கே வந்து சேரும். ககரத்தின் முன் 'ங்' வந்து பெருங்குடி, பெருங்களத்தூர். பகரத்தின் முன் 'ம்' வந்து பெரும்பாக்கம். அதே 'பெருமை'க்குப் பின்னால் ஊர் வந்தால் முதலெழுத்து நீண்டு பேரூர் ஆகிறது. பேரூராட்சி என்ற அலுவலகச் சொல்லுக்குள் இருப்பது இதுவே. அனகாபுத்தூரில் 'புதுமை'யின் 'மை' கெட்டது, தகரம் இரட்டித்தது, ஊரோடு சேர்ந்து புத்தூர் ஆயிற்று.

வல்லினத்துக்கும் மெல்லினத்துக்கும் உள்ள இந்த உறவு முழுவதையும் நம் ஊர்ப்பெயர்களே கற்றுக்கொடுக்கும். க-வுக்கு ங் பெருங்களத்தூர். ச-வுக்கு ஞ் கூடுவாஞ்சேரி. ட-வுக்கு ண் வண்டலூர். த-வுக்கு ந் பழவந்தாங்கல். ப-வுக்கு ம் மீனம்பாக்கம். ற-வுக்கு ன் குன்றத்தூர். கடைசி ஒன்றைத் தவிர மற்ற ஐந்தும் புறநகர் ரயில் நிற்கும் நிலையங்கள்.

வெளியிலிருந்து வந்த சொற்களும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் பெயர்பெற்ற குரோம்பேட்டையில் மகரமும் பகரமும் இயல்பாகவே பொருந்திக்கொண்டன. 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த தாம்பரம் சானடோரியத்தில் இரண்டு சொற்களும் மாறாமல் அருகருகே நிற்கின்றன.

நார்வேயின் வழி

இந்த ஒழுங்கு தமிழுக்கு மட்டும் உரியதல்ல; சொற்களைக் கூட்டிப் புதுச்சொல் ஆக்குவதில் நார்வே மொழி தமிழுக்குச் சளைத்ததில்லை. அங்கும் சாரியை போன்ற இணைப்பொலிகள் உண்டு. வேலையைக் குறிக்கும் 'அர்பைட்', இடத்தைக் குறிக்கும் 'பிளாஸ்' இரண்டும் சேரும்போது நடுவில் 'ஸ்' வந்து 'அர்பைட்ஸ்பிளாஸ்', அதாவது பணியிடம், ஆகிறது. மருத்துவமனைக்கான சொல்லில் நோயுற்ற நிலையைக் குறிக்கும் சொல்லும் வீட்டைக் குறிக்கும் சொல்லும் ஓர் 'எ'கரத்தால் இணைகின்றன.

அங்கே கூட்டுச்சொல்லை இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும். 'லம்மெலோர்' என்று சேர்த்து எழுதினால் ஆட்டுக்குட்டியின் தொடை இறைச்சி. 'லம்மெ லோர்' என்று பிரித்தால் செயலிழந்த தொடை. இப்படித் தவறாகப் பிரிப்பதற்கென்று அந்த மொழியில் தனிப்பெயரே இருக்கிறது; பள்ளியில் அதைத் திருத்துகிறார்கள். வரி முடிவில் முறிக்க நேர்ந்தால் சொற்கள் கூடிய இடத்தில் முறிக்கலாம். கூட்டுச்சொல் அல்லாதவற்றில் பொதுவாக ஒரு மெய்யொலி அடுத்த வரிக்குப் போகுமாறு முறிப்பார்கள்.

சொல்லின் எல்லையும் அசையின் எல்லையும்

தமிழில் சொல்லைத் துண்டாக்கும் வழி ஒன்றல்ல. வாய் ஒலிக்கும்போது தாம்-ப-ரம் என்று மூன்று துண்டு. யாப்பிலக்கணம் தாம்-பரம் என்று இரண்டே அசையாக எண்ணும்: நேர், நிரை. இந்த அசை வரிசைக்கு யாப்பு தரும் பெயர், அதாவது வாய்பாடு, கூவிளம். மடிப்பாக்கம் மடிப்-பாக்-கம் என்று பிரிந்து புளிமாங்காய் ஆகும். பெருங்களத்தூர் பெருங்-களத்-தூர் என்று பிரிந்து கருவிளங்காய்.

இந்த இரண்டு பெயர்களிலும் முதற்சொல் கூடும் இடமும் அசை பிரியும் இடமும் ஒன்றாகவே இருக்கின்றன. வண்டலூரில் அப்படி இல்லை. பொருளால் அது வண்டல் + ஊர். அசையாலோ வண்-டலூர். ஊரின் உயிரெழுத்து முந்தைய மெய்யோடு கலந்து 'லூ' என்ற ஒரே எழுத்தாகிவிட்டதால், சொற்கள் கூடிய இடத்தில் வெட்டவே முடியாது. சேலையூரிலும் அப்படித்தான். சேலை, ஊர் என்ற இரண்டையும் இணைக்க வந்த 'ய்', ஊரோடு ஒன்றாகி 'யூர்' ஆகிவிட்டது.

எங்கே முறிப்பது?

கடைப்பலகையோ பேருந்தின் மின்பலகையோ கைப்பேசித் திரையோ, இடம் போதாவிட்டால் பெயர் இரண்டு வரிக்குப் போகும். அப்போது 'பெருங்கள' ஒரு வரியிலும் 'த்தூர்' அடுத்த வரியிலும் விழுந்தால் கண் தடுமாறும். தமிழில் எந்தச் சொல்லும் புள்ளியெழுத்தில் தொடங்குவதில்லை. வரியும் அதில் தொடங்கக் கூடாது. இதை முதல் விதியாகக் கொள்ளலாம்.

இரண்டாவது விதி: சந்தியில் தோன்றிய ஒற்று முதற்பகுதியோடு நிற்க வேண்டும். மடிப்-பாக்கம், வேளச்-சேரி, பெருங்-களத்தூர், மீனம்-பாக்கம். இடைவெளி விட்டு எழுதும் பெயர்களுக்கும் இது பொருந்தும். கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்பவற்றில் 'த்' முதற்சொல்லோடு நிற்கிறது. இந்த 'த்' பல பலகைகளில் காணாமற்போவது வருத்தம் தருகிறது. இரண்டு சொற்களையும் இணைத்துப் பிடித்திருப்பது அந்த ஒற்றுதான்.

மூன்றாவது விதி: மெய்யும் உயிரும் கலந்த இடத்தில், கலந்த எழுத்து அடுத்த வரிக்குப் போகட்டும். வண்ட-லூர், சேலை-யூர், நங்கநல்-லூர்.

ஆங்கில எழுத்தில் இந்தப் பெயர்களை எழுதும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. குறில் நெடில் வேறுபாடு மறைகிறது. ஒற்று இரட்டித்ததா என்பது தெரிவதில்லை. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றித் தமிழ்நாடு அரசு 2020 ஜூனில் வெளியிட்ட ஆணை, அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஆங்கில வடிவம் எப்படி இருந்தாலும், வழிகாட்டும் செயலிகளும் நிலைய அறிவிப்புகளும் தமிழ் வடிவத்தை மூலமாகக் கொண்டால் ஊர்ப்பெயர் சிதையாது.

மாநகராட்சி புதிதாக எழுதும் ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் தமிழாசிரியர் ஒருவர் அந்தப் பெயரைப் பார்வையிடலாம். இந்தப் பகுதிப் பள்ளிகளில், சொற்கள் சேரும் விதிகளைச் சொல்லும் புணர்ச்சிப் பாடத்தை மாணவர்களின் ஊர்ப்பெயர்களிலிருந்தே தொடங்கலாம். மடிப்பாக்கத்துப் பிள்ளைக்கு வல்லினம் மிகும் என்பதை விளக்க வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். தன் முகவரியை எழுதும்போதெல்லாம் அந்த விதியை அவள் பிழையில்லாமல் பின்பற்றிக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்ததன் பெயரைச் சொல்லிக் கொடுப்பதே ஆசிரியரின் வேலை.